கொடியும் கொப்பியும்: அலுவிகாரைக் குறிப்புகள்

1

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ஏ-9 வீதியில் மூன்று கிலோமீற்றர் அளவு போனால் அலுவிகாரை. பாறைகளுக்கு நடுவே பழைய விகாரை. வீதியோரம் வரிசையாக வாசனைத்திரவியத் தோட்டங்கள். சுற்றுலா பஸ் வந்து நின்றதும் தோட்டத்து வழிகாட்டி ஒருவர் வெளிநாட்டவர்களை உள்ளே கூட்டிப்போவார். கறுவாப் பட்டையைச் சுரண்டிக் கையில் கொடுப்பார். ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டி, “இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்” என்பார். வந்தவர்கள் முகர்ந்து பார்த்துத் தப்பாகச் சொல்வார்கள், சிரிப்பார்கள், மறுபடியும் முகர்வார்கள். சாதிக்காயைப் பிளந்து, கொட்டையைச் சுற்றிச் சிவப்பாகப் பின்னிக் கிடக்கும் சாதிபத்திரியைக் காட்டுவார். அப்போது பேச்சு நின்றுவிடும். எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள்.

இதைவிட நல்ல பாடம் நடத்துவது கடினம். முதலில் கேள்வி, பெயர் பிறகு. மூக்கும் விரலும் நாக்கும் தங்கள் வேலையை முடித்தபின்தான் சொல் வருகிறது. அதே காலைப்பொழுதில் ஊர்ப் பிள்ளைகள் வகுப்பறையில் பூவின் படத்துக்குப் பகுதி குறித்துக்கொண்டிருப்பார்கள். குறி, தம்பம், சூலகம், மகரந்தக்கூடு. பரீட்சைக்கு அது போதும். ஆனால் கடல் கடந்து அரை மணி நேரத்துக்கு வந்து போகிறவருக்குக் கிடைக்கிற பாடம், அந்தத் தோட்டத்து வேலிக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு ஏன் கிடைப்பதில்லை என்ற யோசனை விடமாட்டேன் என்கிறது.

2

அலுவிகாரையின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது ஓலையால். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டும் வந்த பாளித் திரிபிடகத்தை இங்கேதான் ஏட்டில் எழுதினார்கள் என்பது பௌத்த மரபு. நாட்டில் பஞ்சமும் போரும். மனனம் செய்தவர்கள் இறந்தால் அவர்களோடு நூலும் போய்விடும் என்ற பயம். ஐந்நூறு பிக்குகள் கூடினார்கள் என்று சொல்வார்கள். பின்னாளில் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது.

ஏடு எழுதுவதை இப்போதும் இங்கே செய்து காட்டுவார்கள். எழுத்தாணி ஓலையைக் கீறும்போது ஒன்றும் தெரியாது. வெறும் ஓலை போலவே இருக்கும். கரியும் எண்ணெயும் கலந்து மேலே பூசித் துணியால் துடைத்தால், கீறிய இடத்தில் மட்டும் கருமை தங்கி எழுத்து எழும். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் ஒருமுறை கழுத்தை நீட்டுவார்கள்.

அந்த ஓலை தாளிப்பனையுடையது. விரியாத இளங்குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை உச்சியில் பூத்துக் காய்த்து, பிறகு பட்டுப்போகும். எந்த மரத்தில் எந்தக் குருத்தை எப்போது எடுப்பது என்று தெரிந்த ஒருவர் இல்லாமல் அந்த நூல் ஓலைக்கு வந்திருக்க முடியாது. அந்த ஆளின் பெயரை எந்த வரலாறும் நமக்குச் சொல்லவில்லை.

பாடசாலைத் தோட்டம் என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன: மரத்தைத் தெரிந்திருப்பது, தெரிந்ததை எழுதிவைப்பது.

3

இப்பகுதித் தோட்டங்களில் வனிலாக் கொடியைக் காணலாம். அதன் பூ காலையில் விரிந்தால் பிற்பகலுக்குள் வாடத் தொடங்கிவிடும். மகரந்தத்துக்கும் குறிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று தடுப்பாக நிற்கும். தாயகமான மெக்சிக்கோவில் தேனீக்களின் உதவியால் காய்க்கிற கொடி இது. மற்ற நாடுகளில் கை வைத்தால்தான் காய். ஈர்க்குப் போன்ற மெல்லிய குச்சியால் அந்த மடலைத் தூக்கிவிட்டு, பெருவிரலால் மகரந்தத்தைக் குறியில் அழுத்த வேண்டும். பழகியவர்களுக்குச் சில விநாடி வேலை. அந்தப் பூவிலிருந்து முற்றிய காய் கிடைக்க ஏறத்தாழ ஒன்பது மாதம்.

இந்தக் கைவேலையைக் கண்டுபிடித்தவன் 12 வயதுச் சிறுவன். இந்து சமுத்திரத்தில் ரீயூனியன் தீவு, 1841ஆம் ஆண்டு. அடிமையாகப் பிறந்த அவன் பெயர் எட்மன். ஆல்பியஸ் என்ற பின்பெயர் பிற்காலத்தில் வந்தது. அவனை வைத்திருந்த பெலியே போமோன் என்பவருக்குச் செடிகள்மேல் பித்து. பையனையும் கூட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றுவார். தர்ப்பூசணி வகைக் கொடி ஒன்றில் ஆண் பூவையும் பெண் பூவையும் கையால் சேர்த்துவிடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். அதே தோட்டத்தில் ஒரு வனிலாக் கொடி சுமார் இருபது ஆண்டுகளாகக் காய்க்காமல் நின்றது. ஒருநாள் அதில் காய் தொங்கியது. நான்தான் செய்தேன் என்றான் பையன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு இன்னொரு பூ விரிந்தபோது செய்து காட்டச் சொல்லிப் பார்த்தார்.

பெல்ஜியத் தாவரவியலாளர் சார்ள்ஸ் மோரன் 1836இலேயே கண்ணாடிக் கூடத்தில் வனிலாவைக் காய்க்க வைத்திருந்தார். ஆனால் அவருடைய முறை தோட்ட வேலைக்குத் தோதுப்படவில்லை. உலகம் எடுத்துக்கொண்டது சிறுவனின் முறையை. இன்றுவரை அதுதான் நடக்கிறது.

அவனுக்கு யாரும் வனிலா பற்றிப் பாடம் நடத்தவில்லை. ஒரு கொடியில் ஏன், எப்படி என்று கண்டதை வேறொரு கொடிக்குக் கொண்டுபோனான். கல்வி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

கதையின் மறுபாதியையும் எழுத வேண்டும். அவன் பாடசாலைப் பக்கம் போனவன் அல்லன். பின்னாளில் வேறொரு தாவரவியலாளர் அந்த முறை தன்னுடையது என்று உரிமை கோரினார். பையனுக்காகப் பேசியது போமோன் எழுதிய கடிதங்கள்தான். 1848 டிசம்பரில் அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது, ஆல்பியஸ் விடுதலையானார். 1880இல் வறுமையில் இறந்தார். அவருக்குத் தோட்டம் வாய்த்தது, கொப்பி வாய்க்கவில்லை. தான் கண்டதைத் தன் கையால் எழுதிவைக்க முடியாத ஒருவருக்கு மற்றவர்கள்தான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

4

இலங்கைக்குப் பாடசாலைத் தோட்டம் புதிதல்ல. 1900களின் தொடக்கத்திலேயே, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக ஜோன் வில்லிஸ் இருந்த காலத்தில், கிராமப் பாடசாலைகளில் தோட்டம் போடும் திட்டம் தொடங்கியது. அதை மேற்பார்வை செய்தவர் டிரீபர்க். 1904இல் உருவான இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராகவும் பின்னாளில் அவர் உழைத்தார். பாடசாலைக்கு விதை கொடுத்தால், பிள்ளை வழியாகப் புதிய பயிர் வீட்டு வளவுக்குப் போகும் என்பது கணக்கு.

1930களில், கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்தபோது, கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் நடந்தது. தோட்டம், சுகாதாரம், கைத்தொழில் எல்லாம் பாடத்தோடு இணைந்திருந்தன. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் வந்தன. அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்தப் பாடசாலை கற்பிக்க வேண்டும் என்றார்கள். 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது.

இந்தத் திட்டங்களின் பின்னால் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. தோட்டம் யாருடைய பிள்ளைக்கு? குடியேற்றக் காலத்தில் கொழும்பின் ஆங்கிலக் கல்லூரிகளில் லத்தீன் படித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் யாரும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் படித்த கிராமத்துப் பிள்ளைக்குத்தான் மண் மீது பற்று வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பெற்றோர் படிக்காதவர்களாக இருக்கலாம், இதைப் புரிந்துகொள்ளப் படிப்புத் தேவையில்லை.

5

மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்க் கூலிகளின் தடமும் இந்தப் பக்கமாகத்தான் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக வந்தவர்கள். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். பிழைத்தவர்கள் கோப்பியும் பிறகு தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வளர்த்தார்கள். கண்ணுக்கெட்டியவரை அவர்கள் நட்ட செடி. அதில் ஒரு பாத்திகூட அவர்களுக்குச் சொந்தமில்லை.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்பு என்றுதான் பல இடங்களில் அது நடந்தது. 1970களிலிருந்துதான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பெடுத்தது. பாடசாலை வந்தபோதும் அதற்கென்று நிலம் என்பது இழுபறியாகவே இருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர், பாடசாலைக்கு ஒரு மேட்டுத்துண்டு.

இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு தாயிடம் போய், பாடசாலையில் தோட்டம் போடப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

“மம்பட்டி புடிக்கிறதுக்கா புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறோம் சேர்? அத நாங்க புடிச்சது போதாதா?”

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாமல் ஒரு பாத்தியும் வெட்டக்கூடாது என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பாடசாலை என்பது மலையிலிருந்து இறங்குகிற வழி. அந்த வழியின் நடுவில் மறுபடியும் ஒரு மலையைக் கொண்டுவந்து வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

அதேவேளை, லயத்துக்குப் பின்னால் கிடைத்த கீற்று நிலத்தில் போஞ்சியும் பூசணியும் கொச்சிக்காயும் வளர்ப்பவர்களும் அவர்களேதான். அந்தப் பிள்ளைக்கு மண் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்குவது ஆசிரியரின் அறியாமை. கொழுந்து எது, முற்றல் எது என்று இருட்டிலும் தடவிச் சொல்லக்கூடிய வீட்டிலிருந்து வருகிற பிள்ளை அது. அந்த அறிவு வீட்டோடு நின்றுவிடுகிறது, வகுப்பறைக்குள் மதிப்புப் பெறுவதில்லை. தோட்டம் இருந்தால், “எங்க அம்மா இப்படிச் செய்ய மாட்டாங்க” என்று சொல்வதற்கு அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்கும்.

6

அந்தத் தாய்க்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். மண்வெட்டி வேலை குறைவாகவும் பார்க்கும் வேலை அதிகமாகவும் இருக்கிற தோட்டம் வேண்டும். விளைச்சல் அதற்கு இரண்டாம் பட்சம்.

மாத்தளைக்கு மிகப் பொருத்தமான பாடம் மிளகில் இருக்கிறது. சீமைக்கிளுவை மரத்தைப் பிடித்து ஏறும் கொடியைப் பிள்ளைகள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால் அதில் இரண்டு விதமான தண்டு தெரியும். மேலே ஏறுகிற தண்டில் கணுவுக்குக் கணு குட்டை வேர்கள். அவைதான் மரத்தைப் பற்றிக்கொள்கின்றன. பக்கவாட்டில் நீளும் கிளையில் அந்த வேர்கள் இல்லை. ஆனால் மிளகுத் திரி தொங்குவது அந்தப் பக்கக் கிளையில்தான்.

இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டி, இரண்டு பொலித்தீன் பைகளில் நட்டு, நிழலில் வைக்கலாம். பக்கக் கிளைத் துண்டுகள் பல பட்டுப்போகும். அதனால் ஏழெட்டு வைப்பது நல்லது. வேர்பிடித்துத் தளிர்த்தபின் வேடிக்கை தொடங்கும். ஒன்று குச்சியைத் தேடி மேலே போகும். மற்றதற்கு எத்தனை குச்சி நட்டாலும் ஏறாது. சாடியிலேயே பரந்து, பற்றையாக நின்று, அங்கேயே காய்க்கும். பற்றைமிளகு என்று பூச்சாடிகளில் வளர்ப்பது இதைத்தான்.

ஒரே தாய்க்கொடி, ஒரே மண், ஒரே தண்ணீர். ஏன் ஒன்று ஏறுகிறது, மற்றது ஏறவில்லை? எந்த வகுப்புப் பிள்ளையும் இந்தக் கேள்வியைக் கேட்கும். முதலாம் தரத்துப் பிள்ளை “அதுக்குச் சோம்பல்” என்று சொல்லலாம். உயர்தரத்துப் பிள்ளை வளர்ச்சி ஓமோன்கள் பற்றி யோசிக்கலாம். இரண்டு பேரும் ஒரே சாடியைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். இடமே இல்லாத பாடசாலைக்கும் இந்தப் பாடம் கட்டுப்படியாகும். விறாந்தையில் நாலு சாடி வைக்க முடியாத பாடசாலை ஏது?

7

கறிவேப்பிலைச் செடி ஒன்று நட்டால் போதும், வண்ணத்துப்பூச்சி தானே தேடி வரும். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை உள்ளது வந்து, இலையில் தொட்டுத் தொட்டுப் போகும். அது போனபின் இலையைத் திருப்பிப் பார்த்தால் கடுகைவிடச் சிறியதாக, வெளிறிய மஞ்சளில், ஒற்றை முட்டை ஒட்டியிருக்கும்.

சில நாளில் அந்த இலையில் பறவை எச்சம் விழுந்ததுபோல ஒன்று கிடக்கும். அதுதான் புழு. எச்சம் என்று நினைத்துப் பறவை விட்டுவிடும். வளர வளர அது பச்சையாக மாறி, இலை எது, புழு எது என்று தெரியாமல் ஆகும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு நீண்டு, ஒரு நாற்றம் அடிக்கும். முதல்முறை பார்க்கிற பிள்ளை ஓடும். இரண்டாம் முறை தொடுவதற்கு வரிசை நிற்கும்.

செடியில் நாளுக்கு நாள் இலை குறைந்துகொண்டு போகும். இங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும். புழுவைப் பிடுங்கிப் போட வேண்டும் என்பார்கள் சிலர். கறிவேப்பிலை நாம் சாப்பிட வைத்தது. விட வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். வண்ணத்துப்பூச்சியை நாம்தானே கூப்பிட்டோம். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் நல்லது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஆரம்ப வகுப்புகளில் பாடம் இருக்கிறது. சுற்றாடலைப் பற்றி ஒருவர் முடிவெடுக்க வேண்டிய நிலை எப்படி இருக்கும் என்பதை அந்தப் பாடநூலால் சொல்ல முடியாது. இலை இழந்து நிற்கும் இந்தச் செடியால் முடியும்.

இன்னொன்றும் நடக்கும். புழுக்கள் கட்டிய கூடுகளில் சிலவற்றிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. ஓட்டை விழுந்து, மிகச் சிறிய குளவிகள் கூட்டமாக வெளியே வரும். கூட்டுக்குள் இருந்ததைத் தின்று வளர்ந்தவை அவை. எதிர்பார்த்தது வராமல் எதிர்பாராதது வந்த அந்த நாளைப் பிள்ளைகள் கொப்பியில் நீளமாக எழுதுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதும் கட்டுரையில் அந்த நீளம் வராது.

8

தோட்டத்தால் படிப்பு வளர்கிறதா என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் டிலாஃப்ரூஸ் வில்லியம்ஸ், ஸ்கொட் டிக்ஸன் ஆகிய இருவர், 1990 முதல் 2010 வரை வெளிவந்த 48 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை நல்ல விளைவையே காட்டின. விஞ்ஞானப் பாடத்தில் பலன் அதிகம், அதை அடுத்துக் கணிதமும் மொழியும். கூடவே, பல ஆய்வுகள் போதுமான கட்டுப்பாட்டோடு நடத்தப்படவில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். அந்த இரண்டாவது வரி எனக்குப் பிடித்திருந்தது. நல்ல தோட்டத்துக் கொப்பியும் அப்படித்தான் இருக்க வேண்டும். முளைத்ததோடு முளைக்காததையும் எழுத வேண்டும்.

முளைக்காத விதை நல்ல ஆசிரியர். பத்துப் பயறு போட்டு ஏழு முளைத்தால், மூன்று ஏன் முளைக்கவில்லை என்று தேட வேண்டியிருக்கிறது. பரீட்சையில் தப்பு விடை வந்தால் பிள்ளை வெட்கப்படும், கொப்பியை மூடும். மண்ணைக் கிளறி அழுகிய விதையைக் கையில் எடுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு வெட்கம் இல்லை. தண்ணீர் கூடிவிட்டதா, எறும்பு இழுத்ததா, விதை பழையதா? மூன்று சந்தேகம், மூன்றுக்கும் சோதனை. பத்துக்கு ஏழு என்பது நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் சதவீதக் கணக்கும் போகிற போக்கில் முடிந்துவிடும்.

9

2022இல் நாடு வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. முந்தைய ஆண்டில் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியதில் விளைச்சல் விழுந்தது; பிறகு டொலர் இல்லை, எரிவாயு இல்லை, மா இல்லை. அந்த ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் வையுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. வெறும் நிலம் எங்கே கண்டாலும் மரவள்ளியும் கீரையும் வைக்கும் பேச்சுத்தான். பாடசாலை வளவுகளும் அந்தப் பேச்சில் அடங்கின.

பசித்த பிள்ளையிடம் வண்ணத்துப்பூச்சி முட்டை பற்றிப் பேசுவது பாவம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் நாலு பாத்திக் கீரை முந்நூறு பிள்ளைகளின் பசியைத் தீர்க்காது. ஒருநாள் மல்லுங் செய்யலாம், அவ்வளவுதான். பகலுணவுக்குப் பணம் ஒதுக்குவது அரசின் கடமை. அதைத் தோட்டத்தின் தலையில் கட்டினால் தோட்டமும் தோற்கும், பசியும் தீராது. தோற்ற தோட்டத்தைக் காட்டி, இதெல்லாம் சரிவராது என்று அடுத்த அதிபர் அதைச் சீமெந்து போட்டு மூடுவார்.

தோட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேறு ஓர் உறவு உண்டு. வீட்டில் பயற்றங்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிற பிள்ளை, தான் நட்ட கொடியில் பறித்ததைப் பச்சையாகவே கடித்துப் பார்க்கும். வல்லாரை கசக்கிறது என்று முகம் சுளித்துவிட்டு, இன்னும் ஒரு இலை கிள்ளும். இது பசியாற்றல் அல்ல, பழக்கம். இதற்குப் பெரிய நிலம் வேண்டியதில்லை.

10

நடைமுறைச் சிக்கல்களையும் எழுதிவைக்கிறேன்.

குரங்கு முதல் எதிரி. அலுவிகாரைப் பாறைகளில் அவை காலையிலிருந்தே காத்திருக்கும். சோளமும் பப்பாசியும் வைப்பது அவற்றுக்கு விருந்து. மிளகு, மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றைப் பெரும்பாலும் அவை சீண்டுவதில்லை. எதைத் தின்னும், எதை விடும் என்று கணக்கெடுப்பதே ஒரு தவணைக்கான பாடம்.

விடுமுறையில் தண்ணீர் யார் ஊற்றுவது என்பது அடுத்தது. மாத்தளை இடை வலயம். ஐப்பசி மழை இறங்கினால் மார்கழிவரை கவலையில்லை. ஆடி, ஆவணியில் மண் வெடிக்கும். விதைப்பை மழையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வெயில் மாதங்களுக்கு நிழலில் நிற்கும் சாடிகளும் மரங்களும் போதும். விடுமுறைக்குச் சாடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தாய்க்கும் பாட்டிக்கும் அதில் பங்கு வந்துவிடும். அந்தச் சாடி பெரும்பாலும் வளர்ந்துதான் திரும்பி வரும்.

மூன்றாவது, ஆசிரியர் இடமாற்றம். ஆர்வமுள்ள ஒருவர் இருந்தால் தோட்டம் இருக்கும். அவர் மாறிப்போன தவணையில் புல் வளரும். இதற்கு மருந்து கொப்பிதான். எந்தப் பாத்தியில் எந்த மாதம் என்ன போட்டார்கள், எது பிடித்தது, எது பட்டுப்போனது என்று பாடசாலையில் ஒரு பொதுப் பதிவு இருந்தால், புதிதாக வருபவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.

நான்காவது, புலமைப்பரிசில் பரீட்சை. ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கு விளையாடவே நேரமில்லை, தோட்டம் எங்கே என்பார்கள். உண்மைதான். அந்தப் பரீட்சையை நாளைக்கே மாற்ற என்னால் முடியாது. அதனால் முதலாம், இரண்டாம், மூன்றாம் தரங்களைப் பற்றிப் பேசுகிறேன். பயிற்சித்தாள் இன்னும் முழுதாகப் பிடிக்காத வயது அது. அதற்குள் ஒரு பிள்ளைக்குப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பிறகு பயிற்சித்தாளால் அதை முழுதாக அழிக்க முடியாது.

11

இந்த வட்டாரத்தில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில் படிக்கிறார்கள். மொழி வேறு, பாடநூல் வேறு. ஒரே வீதியில் எதிரும் புதிருமாக நடந்து போகிறார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவிலோ விகாரைப் பெரஹராவிலோதான் ஒரே கூட்டத்தில் நிற்பார்கள்.

பாடசாலைகள் நாற்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு பாடசாலை பற்றைமிளகுச் சாடி கொடுத்தால் மற்றது வனிலாத் துண்டு கொடுக்கட்டும். கூடவே அந்தச் செடியின் குறிப்பும் போகட்டும், ஒரு பக்கம் சிங்களம், ஒரு பக்கம் தமிழ். செடி பட்டுப்போனால் காரணம் கேட்க ஆள் அனுப்ப வேண்டிவரும். நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுவதைவிட, “நீங்கள் தந்தது ஏன் ஏறவில்லை?” என்று கேட்கப் போவது ஒருவரையொருவர் சந்திப்பதற்கு இயல்பான காரணம்.

12

கடைசியாக, அளவுகோல் பற்றி. எதை அளக்கிறோமோ அதுவாகத்தான் தோட்டம் மாறும். அழகுக்குப் பரிசு கொடுத்தால் கல்லுக்கு வெள்ளை அடிப்பார்கள். நிறைக்குப் பரிசு கொடுத்தால் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு ஆள் வைத்துப் பயிர் செய்வார்கள். பார்வையிட அதிகாரி வருகிற வாரம் மட்டும் பாத்திகள் பச்சையாக இருக்கும்.

தேவை அதிகமில்லை. சில சாடிகள், ஒரு கறிவேப்பிலை, ஒரு மிளகுக்கொடி, வகுப்புக்கு ஒரு பூவாளி, பிள்ளைக்கு ஒரு கொப்பி. வாரத்தில் ஒரு பாடவேளை, அதற்குப் புள்ளி கிடையாது. பிள்ளை கண்டதை வரையட்டும், தெரிந்த எழுத்தில் எழுதட்டும். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்காமல், “இதை எப்போது பார்த்தாய்? மறுபடி பார்த்தாயா?” என்று மட்டும் ஆசிரியர் கீழே எழுதட்டும்.

வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தோட்டம் பற்றி அறிக்கை போக வேண்டும் என்றால், எத்தனை கிலோ விளைந்தது என்ற இடத்தில், இந்தத் தவணையில் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் என்ன என்று ஒரு பத்தி வைக்கலாம். கிலோக்கணக்கைச் சந்தையில் வாங்கி வந்தும் காட்டலாம். இந்தப் பத்தியை நிரப்ப வேண்டுமானால் ஆசிரியர் பிள்ளைகளோடு தோட்டத்துக்குள் போயே ஆகவேண்டும். மண்வெட்டிக்குப் பயந்த அந்தத் தாயும், பிள்ளை கேட்ட கேள்விகளை வாசித்துக் காட்டினால், இது வேறு வேலை என்று ஒத்துக்கொள்வார்.